கயித்தான் கரையேற்றிய ஆத்துமாக்கள்

கயித்தான் முதலாளி தம் வாழ்நாளில் எத்தனை ஆத்துமாக்களை நெருப்பிலிருந்து மீட்டார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். எத்தனை பேருக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றினார் என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

பாம்பன் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தால் வடகரையில் இருக்கிற ஊர் பனையடித்துறை. நூறு ஓலைக் குடிசை, ஓர் அந்தோனியார் கோயில், ஒரே ஒரு கல்வீடு. கல்வீடு கயித்தானுடையது. அவருடைய தகப்பனார் சங்கு குளித்துப் பிழைத்தவர். மகன் பன்னிரண்டு வயதில் கொழும்புக்குப் போய் ஒரு கருவாட்டு மண்டியில் எடுபிடியாக இருந்து, முப்பது வயதில் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு குடையோடும் திரும்பினார். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று ஊருக்குத் தெரியாது. அவருடைய வலது கட்டைவிரலில் என்ன இருந்தது என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. கைத்தராசு பிடித்தால் அந்த விரல் சும்மா இருக்காது. வாங்கும்போது படிக்கல் பக்கம் தாழும்படி ஒரு வேலை செய்யும், விற்கும்போது சரக்குப் பக்கம் உயராதபடி இன்னொரு வேலை செய்யும். விரல் வேலை செய்கிற நேரத்தில் வாய் "சேசு மரி சூசை" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

அந்த முணுமுணுப்புக்கு ஒரு காரணம் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த சில வருடங்களில் மதுரைப் பக்கமிருந்து இரண்டு சாமியார்கள் வந்து செபமும் பிரசங்கமுமாக மூன்று நாள் ஞான ஒடுக்கம் நடத்தினார்கள். அதில் ஒருவர் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நரகத்துக்குப் போகிற அளவுக்குக் கெட்டவர்களாகவும் இல்லாமல், நேரே மோட்சத்துக்குப் போகிற அளவுக்கு நல்லவர்களாகவும் இல்லாமல் செத்தவர்கள் அந்த நெருப்பில் கிடந்து சுத்தமாகிறார்கள் என்றார். உயிரோடு இருக்கிறவர்கள் செபித்தால் அவர்களுக்கு அந்தப் பலன் போய்ச் சேரும் என்றார். இந்தச் செபத்துக்கு இத்தனை நாள் பலன், அந்தச் செபத்துக்கு அத்தனை நாள் என்று விளக்கிவிட்டு, நவம்பர் மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று மட்டும் ஒரு பெரிய சலுகை உண்டு என்றார். அன்றைக்குக் கோயிலுக்குள் போய், முழங்காலிட்டு, குறித்த மந்திரங்களை ஆறு ஆறு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தால் பரிபூரண பலன். ஒரு தடவை போய் வந்தால் ஓர் ஆத்துமா நெருப்பிலிருந்து நேரே மோட்சத்துக்கு. மறுபடி போனால் இன்னோர் ஆத்துமா.

பாவம், அந்தச் சாமியார் செத்தவர்கள்மேல் சனங்களுக்கு இரக்கம் வரட்டும் என்றுதான் சொன்னார். கிழவிகள் அழுதார்கள். கயித்தான் அழவில்லை. வியாபாரக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சரக்கு மழையில் நனையாது, புழு வைக்காது, கப்பலோடு கவிழாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைமுதல் ஒரு காசு வேண்டாம். இப்படி ஒரு தொழில் இருக்கிறதென்று இத்தனை நாள் யாரும் தமக்குச் சொல்லவில்லையே என்று அவருக்கு வருத்தம்கூட வந்தது.

அன்றிலிருந்து கழுத்தில் மந்திரித்த துணித்துண்டு கோத்த மூன்று உத்தரியக் கயிறு, இடுப்பில் ஒரு செபமாலை, வாயில் ஓயாத செபம். கருவாட்டுக் கொட்டடியில் மீன் கீறுகிறவர்கள் கூலி ஏற்றிக் கேட்டால் வேத வசனத்தை எடுத்து விடுவார். "பூமியில சேக்கிறத பூச்சி அரிச்சுரும்லே. மோட்சத்துல சேத்து வைங்க" என்பார். அந்தப் பூச்சி கல்வீட்டுப் பெட்டகத்தை மட்டும் ஏனோ இத்தனை வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்மஸுக்கு வேட்டி கேட்டு வேலைக்காரன் வந்து நின்றால், "கல்லறைத் திருநாளைக்கு ஒங்கப்பனுக்காக ஒரு தடவ உள்ள போயிட்டு வந்தேம்லே. வேட்டியெல்லாம் அதுக்கு ஈடாகுமா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். அப்பன் மோட்சத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்ட மகன் பழைய வேட்டியோடு திரும்பிப் போவான்.

கல்லறைத் திருநாளில் முதலாளியைப் பார்க்க வேண்டும். முந்தின நாளே சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, காலையில் நற்கருணை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். மற்றவர்கள் செத்துப்போன தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, பிறந்து செத்த பிள்ளைக்கு ஒன்று என்று நாலைந்து தடவை போய் வந்துவிட்டுக் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போவார்கள். கயித்தான் பொழுது சாயும்வரை ஏறி இறங்குவார். முதல் தடவை மந்திரம் மந்திரமாக இருக்கும். பத்தாவது தடவையில் வண்டு ரீங்காரமாகிவிடும். வெளியே வந்து மணலில் கால் பட்டதும் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி, மூச்சு வாங்க, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவிப்பார்: "எங்கய்யா கரையேறிட்டாரு!" அடுத்த தடவை, "எங்க மாமனாரு கரையேறிட்டாரு!" பெண்டாட்டியும் செத்து, பிள்ளையும் இல்லாத மனிதர். சொந்தத்தில் செத்தவர்கள் சீக்கிரம் தீர்ந்துபோனார்கள். பிறகு கொழும்பு முதலாளியை ஏற்றினார், அவருடைய கணக்கப்பிள்ளையை ஏற்றினார், ஊரில் செத்தவர்களை வரிசையாக ஏற்றினார். அவரைவிடப் பெரிய ஞான செல்வந்தர் ராமநாதபுரம் சீமையிலேயே கிடையாது என்று அவர் மனதார நம்பினார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். தொம்மை. அண்ணனுக்கும் தம்பிக்கும் குணத்தில் ஓர் ஒற்றுமையும் இல்லை. தொம்மை பிரசங்கத்தில் தூங்குவான், சனிக்கிழமை கள் குடிப்பான், கரையில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தாலும் நாலு மீனை அங்கே போட்டுவிட்டுப் போவான். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தான். அதற்கு மண்டாடியாக, அதாவது தொழிலாளிகளுக்குத் தலைவனாக, முத்தழகு என்கிற வலையர் வீட்டுக்காரன் இருந்தான். ஐம்பத்து மூன்றாம் வருடம் ஆடிக் காற்றில் தொம்மை வள்ளத்திலிருந்து தவறிக் கடலில் விழுந்தான். மூன்றாம் நாள் பிணமாகக் கரை ஒதுங்கினான். மனைவி மதலேனாளும் இரண்டு பெண்பிள்ளைகளும் மிச்சம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் கயித்தான் நாலு ஆளை வைத்து வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தம் கல்வீட்டுக்கு எதிரே போட்டுக்கொண்டார். மதலேனாள் ஓடி வந்து கேட்டாள்.

"பொம்பள, வள்ளத்த வச்சு என்ன பண்ணப் போற? இங்கன கெடந்தா பத்திரமா இருக்கும்" என்றார்.

பத்திரமாகத்தான் இருந்தது. ஏனென்றால் இரண்டு மாதத்துக்கும் மேலாக அதில் ஒருவனும் ஏறவில்லை. தண்ணீரில் போன மனிதன் ஆசை தீராமல் வள்ளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான் என்று முத்தழகுக்கும் அவன் ஆட்களுக்கும் பயம். கயித்தான் அந்த வருடக் கல்லறைத் திருநாளில் தொம்மைக்காக ஏழு தடவை கோயிலுக்குள் போய் வந்தார். ஏழாவது தடவை வெளியே வந்து படியில் நின்று, "தொம்மை கரையேறிட்டான்! மோட்சத்துல இருக்கான்! இனி எவனும் பயப்பட வேணாம்!" என்று அறிவித்தார். மறுநாள் காலையில் வள்ளம் கடலுக்குப் போயிற்று. அது கொண்டுவந்த மீன் கல்வீட்டுக் கொட்டடியில் இறங்கியது. தன் புருஷனுடைய வள்ளம் பிடித்த மீனைக் கூலிக்குக் கீறி உப்புப் போட்டாள் மதலேனாள். இதைவிடக் கேவலம் அந்தக் கரையில் நடந்ததில்லை. ஆனால் நடந்தது பலனும் செபமுமாக இருந்ததால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருடம் அவள் கேட்டுப் பார்த்தாள். தை மாதம் கேட்டதற்குப் பங்குனி என்றார். பங்குனியில் கேட்டதற்கு, "எந்நேரமும் வள்ளம், வள்ளம். ஆத்துமத்தப் பத்தி நெனைக்கவே மாட்டியா புள்ள?" என்று கடிந்துகொண்டார். எதிர்த்துப் பேசினால் கொட்டடி வேலையும் போய்விடும். அவள் யோசித்துப் பார்த்து ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள். கல்லறைத் திருநாளன்று புருஷனின் அண்ணனான பெரியத்தான் எங்கேயும் ஓட முடியாது. அன்றைக்குக் கோபப்படவும் முடியாது. ஏசினால் பாவம், பொய் சொன்னால் பாவம். பாவம் ஒட்டினால் பலன் அவ்வளவும் போய்விடும் என்று அவரே ஊருக்கெல்லாம் போதித்திருக்கிறார்.

ஐம்பத்து நாலாம் வருடம் நவம்பர் இரண்டாம் தேதி காலைப் பூசை முடிந்ததும் மதலேனாள் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டாள். கயித்தான் முதல் தடவை உள்ளே போக வந்தார்.

"பெரியத்தான், வள்ளத்தக் குடுத்துருங்க. வாடைக் காத்து முத்துறதுக்குள்ள தென்கடலுக்குக் கொண்டு போகணும். முத்தழகு அண்ணன் ஓட்டித் தாரேன்னு சொல்லியிருக்காக."

கயித்தான் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். போய்விட்டு வந்து, "எங்க பெரியாத்தா கரையேறிட்டாக!" என்றார்.

"பெரியத்தான், வள்ளம்."

மறுபடி விரல். மறுபடி உள்ளே. இப்படியே வெயில் ஏறியது. ஒவ்வொரு தடவையும் செத்தவர் ஒருவர் மோட்சம் போனார், உயிரோடு இருக்கிறவள் படியிலேயே இருந்தாள். அன்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் ஒருவர் இருவராக வந்து வேடிக்கை பார்க்க நின்றார்கள். முத்தழகும் ஆட்களோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றான். பங்குச் சாமியார் கல்லறை மந்திரிக்கப் போனவர் இன்னும் வரவில்லை.

கயித்தானுக்கு உள்ளே மந்திரம் ஓடவில்லை. ஆறு பரலோக மந்திரத்தில் எத்தனையாவது என்று தவறிப்போனது. இந்தப் பெண்ணால் எத்தனை ஆத்துமா வீணாகப் போகிறது என்று பொருமினார். கடைசியில் கோபப்படாமல், சாந்தமாக, நாலு பேர் கேட்க ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவிடுவதென்று முடிவு செய்து படியில் நின்றார்.

"மதலேனா, இங்க பாரு. ஒம் புருசனுக்காகப் போன வருசம் ஏழு தடவ உள்ள போயிட்டு வந்தேன். கூடப் பொறந்தவன் வேற எவன் செய்வான்? வள்ளம் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் பாறையில மோதி ஒடஞ்சிரும். நான் தொம்மைக்குக் குடுத்தது என்னைக்காச்சும் அழியுமா? எது பெருசு, நீயே சொல்லு."

கூட்டத்தில் இரண்டு கிழவிகள் தலையை ஆட்டினார்கள். மதலேனாள் எழுந்து நின்றாள்.

"ஒரு தடவைக்கு ஒரு ஆத்துமான்னுதான சாமியாரு சொன்னாக. ஏழு தடவ எதுக்கு?"

"ஒண்ணு தப்புனாலும் இன்னொண்ணு இருக்கட்டுமின்னுதான்."

"அப்ப அவுக இப்ப மோட்சத்துலதான் இருக்காக?"

"அதுல என்ன சந்தேகம்? மொதத் தடவையிலேயே ஏறியிருப்பான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. அந்தோனியாரு மேல ஆணையா."

மதலேனாள் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். கோயிலைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து மணலில் முழங்காலிட்டாள். கை குவித்து, கோயிலில் மோட்சத்திலிருக்கிற புனிதர்களான அர்ச்சியசிஷ்டவர்களுக்குப் பிரார்த்தனை பாடுகிற அதே ராகத்தில் ஆரம்பித்தாள்.

"மோட்சத்தில் வீற்றிருக்கிற தொம்மையே!"

அந்த ராகம் காதில் விழுந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வாய் தானாகத் திறக்கும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், யோசிக்கவே மாட்டார்கள். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூட்டம் மொத்தமாகப் பதில் சொன்னது. கயித்தானுடைய வாயும் சேர்ந்து சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் திடுக்கிட்டார்.

"இரண்டு பெண்பிள்ளைகளை விட்டுப்போன தொம்மையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"மரித்த முப்பத்தோராம் நாள் வள்ளத்தைப் பறிகொடுத்த தொம்மையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இப்போது குரல்களில் சிரிப்பும் சேர்ந்திருந்தது.

"உம்முடைய தமையனாரின் கைத்தராசை மேலேயிருந்து உற்றுப் பார்க்கிற தொம்மையே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" வேப்பமரத்தடி முழுவதும் கத்தியது. முத்தழகு கிறிஸ்தவ வேதக்காரன் இல்லை, அவனும் கத்தினான்.

கயித்தான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். தொம்மை மேலே இருப்பது நல்லதென்று இத்தனை நாள் நினைத்திருந்தார். மேலே இருக்கிறவனுக்குக் கண் தெரியும் என்பதையும், கடவுளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதையும் அவர் யோசித்ததே இல்லை. தம் கையாலேயே தமக்கு ஒரு காவல்காரனை மோட்சத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்! இதற்கு ஒரே ஒரு வழிதான். வள்ளத்தைக் கொடுத்துவிட வேண்டும். கல்வீடு இருக்கிறது, கொட்டடி இருக்கிறது, பெட்டகம் இருக்கிறது. ஒரு பழைய வள்ளம் போனால் என்ன குடியா முழுகிவிடும்? வேறு எந்த மனிதனும் அந்த இடத்தில் கொடுத்திருப்பான்.

"நிறுத்துடீ!" என்று கத்தினார் கயித்தான். "அவன் மோட்சத்துல இல்ல!"

படியிலிருந்து ஓர் அடி இறங்கி மேலும் கத்தினார்.

"அவன் கரையேறல. ஏழு தடவையும் எனக்கு நெனப்பு வேற எங்கேயோ இருந்துச்சு. பலன் சேரல. அவன் இன்னும் நெருப்புலதான் கெடக்கான். நெருப்புல கெடக்கிறவன்கிட்ட எவளாச்சும் பிரார்த்தன பாடுவாளா? எந்திரிச்சுப் போ!"

ஒரு வள்ளத்துக்காகக் கூடப்பிறந்த தம்பியை மோட்சத்திலிருந்து பிடித்து இழுத்து நெருப்பில் போட்டார் அந்த மனிதர். அதுவும் கல்லறைத் திருநாளில், கோயில் படியில், கழுத்தில் மூன்று உத்தரியத்தோடு. இப்படி ஒரு பிறவியை என்னவென்று சொல்வது?

மதலேனாள் குவித்த கையைப் பிரிக்காமல் அப்படியே இருந்தாள். பெரியத்தான் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை மணலுக்கு இறக்கினாள். வேப்பமரத்தடியிலிருந்து முத்தழகுதான் முன்னால் வந்தான்.

"மொதலாளி, தொம்மையண்ணன் கரையேறிட்டாருன்னு சொல்லித்தான எங்கள வள்ளத்துல ஏத்துனீக?"

"ஏலே, அது வேற..."

"என்ன வேற? எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கிற மனுசன் வள்ளத்துல ஒரு வருசமா எங்கள அனுப்பியிருக்கீக. இனிமே நாங்க ஏற மாட்டோம். ஏறுனா அவரு வீட்டுக்குப் பாடுபடத்தான் ஏறுவோம். அதுக்கு அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

கயித்தான் அதற்கு மசிந்துவிடவில்லை. பாம்பனில் ஆள் தேடினார், மண்டபத்தில் தேடினார். கடற்கரைச் செய்தி அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. தேவிபட்டினத்திலிருந்து கருவாடு வாங்க வருகிற சதக்கத்துல்லா ராவுத்தரிடம் ஆள் பிடித்துத் தரச் சொல்லிக் கேட்டார். "அல்லா காப்பாத்தணும், அந்த வள்ளமா? வேற பேச்சுப் பேசுங்க மொதலாளி" என்று ராவுத்தர் சரக்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வாடையில் மற்ற வள்ளங்கள் எல்லாம் தென்கடலுக்குப் போயின. தொம்மையின் வள்ளம் மட்டும் கல்வீட்டுக்கு எதிரே மணலில் கிடந்தது. மாசி வெயிலில் பலகைகளின் மூட்டு விடத் தொடங்கியதும் கயித்தான் மதலேனாளைக் கூப்பிட்டு, "எடுத்துக்கிட்டுப் போ. தர்மமாத்தான் தாரேன்" என்றார். அந்தத் தர்மத்துக்கும் மோட்சத்தில் ஏதாவது சேர்ந்திருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை.

முத்தழகு மூட்டுகளை அடைத்து எண்ணெய் பூசி வள்ளத்தை இறக்கினான். மதலேனாள் கொட்டடி வேலையை விட்டாள். மூத்தவளைத் தங்கச்சிமடத்தில் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு ஓடு போட்டாள்.

கயித்தான் அதற்குப் பிறகும் நாலு வருடம் அசராமல் ஏறி இறங்கினார். படியில் நின்று அறிவிப்பதை மட்டும் விட்டுவிட்டார். அறிவித்தாலும் ஒருவரும் நம்புவதாக இல்லை. ஐம்பத்தொன்பது புரட்டாசியில் காய்ச்சல் கண்டு படுத்தபோது, செத்த பிறகு அவருடைய ஆத்துமாவுக்காகப் பூசை செய்ய ஏதாவது பணம் எழுதி வைக்கும்படி பங்குச் சாமியார் சொன்னார். "எனக்கு எதுக்கு சாமி? நெறையச் சேத்து வச்சிருக்கேன்" என்று கயித்தான் பெட்டகச் சாவியைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார். கொழும்பிலிருந்து யாரோ தூரத்துச் சொந்தம் வந்து பெட்டகத்தைத் திறந்து, கல்வீட்டை விற்று, எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளில் அவருக்காக ஒருவராவது கோயிலுக்குள் போவார்கள் என்று சாமியார் எதிர்பார்த்தார். ஒருவரும் போகவில்லை. ஊர்க்காரர்கள் நியாயம் வைத்திருந்தார்கள். அவர் போய்வந்ததெல்லாம் பலித்திருந்தால் அவரிடமே வேண்டிய மட்டும் இருக்கும், நாம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? அவ்வளவு தடவை போயும் பலிக்கவில்லை என்றால் நாம் ஒரு தடவை போய் எப்படிப் பலிக்கும்?

மதலேனாள் மட்டும் காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்கிற நேரத்தில், படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவளிடம் ஒரு கிழவி கேட்டாள்.

"ஏத்தா, யாருக்காக இந்தப் பாடு? ஒங்க பெரியத்தானுக்கா?"

"அவுகளுக்கு எதுக்கு? எம் புருசனுக்குத்தான்."

"ஒம் புருசன் தங்கமான மனுசன். என்னைக்கோ ஏறியிருப்பாரே."

ஐந்து வருடமாகச் சாமியாரும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கயித்தான் வாய்க்கு வந்ததை உளறினான், அதை மனதில் வைக்காதே என்று பிரசங்கத்தில்கூடச் சொன்னார். மதலேனாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த வருடமும் வந்து நிற்பாள்.

"ஏறலன்னு கூடப் பொறந்த அண்ணனே இந்தப் படியில நின்னு சொன்னாகளே ஆத்தா. நீங்களும்தான கேட்டீக" என்றாள் அவள். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, எழுந்து மறுபடியும் உள்ளே போனாள்.